சிலிகா ஜெல் பொட்டலமும் ஏலக்காய் மூட்டையும்

டிஸ்கி: நீளமான பதிவு. கேமரா சமாச்சாரமே ஆகாதுங்கறவங்க நேரா ஏலக்காய் வர்ற பத்திக்குத் தாவிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

போன மாசம் நம்ம மரப்பெட்டி கேமராவைப் பத்தி எழுதினப்ப, நண்பர் ஒருத்தர் பின்னூட்டத்துல ஒரே வரியில முடிச்சிட்டாரு. "பிலிம் ஹோல்டர்ல ஈரம் புகுந்துச்சுன்னா ஒரு சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வைங்க பாஸ், மேட்டர் ஓவர்." இன்னும் ரெண்டு பேரு அதுக்கு ரிப்பீட்டே போட்டிருந்தாங்க.

மேட்டர் ஓவர் ஆகலை பாஸ். நானும் அதை நம்பித்தான் கெட்டேன். அதான் இந்தப் பதிவு.

முதல்ல ஹோல்டர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. சின்ன கேமராவுல பிலிம் சுருளா இருக்கும். பெரிய கேமராவுல ஒரு படத்துக்கு ஒரு ஷீட். அந்த ஷீட்டை இருட்டுல ஒரு சட்டத்துக்குள்ள செருகி, மேல ஒரு மூடித் தகடு போட்டுருவோம். அதுக்குப் பேரு டார்க் ஸ்லைடு. நம்ம ஊர் சிலேட்டு ரெண்டை முதுகோட முதுகு ஒட்டின மாதிரி, முன்பக்கம் ஒரு ஷீட், பின்பக்கம் ஒரு ஷீட், நடுவுல ஒரு தகடு. கேமராவுல மாட்டி, டார்க் ஸ்லைடை உருவி, படம் எடுத்துட்டுத் திரும்பச் செருகணும். வெளிச்சம் புகாம இருக்க, தகடு நுழையற வாயில வெல்வெட் துணி ஒட்டியிருக்கும். பழைய ஹோல்டர்னா சட்டம் பூராம் மரம், கீல் இருக்கற இடத்துல துணி, தகடு சிலதுல அழுத்தின அட்டை. மரம், துணி, அட்டை, அதுக்குள்ள ஜெலட்டின் பூசின பிலிம். ஈரத்தைக் குடிக்கறதுக்குன்னே ஒருத்தன் உக்காந்து பொருள் சேர்த்த மாதிரி இல்லை?

என்கிட்ட இருக்கறது ஆஃப் பிளேட் சைஸ் கேமரா. போடியில ஸ்டூடியோ வச்சிருந்த பெரியவர் ஒருத்தர்கிட்ட வாங்கினது. ஆலப்புழையில செஞ்ச வாகீஸ்வரி. தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன கொசுவத்தி: ஆர்மோனியம் செய்யற குடும்பத்துல வந்த கருணாகரன்ங்கறவர், 1940கள்ல தொடங்கி இந்தக் கேமராவைச் செஞ்சாரு. 1980கள் வரைக்கும் ஓடுச்சு. ஆர்மோனியத்துக்கும் துருத்தி, கேமராவுக்கும் துருத்தி, கை பழகின வேலைதானே. தேக்கு மரம், பித்தளை. கடலும் காயலும் சூழ்ந்த ஊர்ல உக்காந்து, மழையில ஊறின கேரளத்துக்கும் நம்ம பக்கத்துக்கும் சேர்த்து செஞ்ச பெட்டி. என் கேமரா இத்தனை வருஷத்துல ஒரு இடத்துலயும் நெளியலை. பிரச்சினை கேமராவுல இல்லை. அதோட வந்த மூணு ஹோல்டர்லதான். அதுல எந்த முத்திரையும் இல்லை, பிற்பாடு யாரோ ஆசாரிகிட்டச் சொல்லிச் செஞ்சது போல. தேக்கு மாதிரியும் தெரியலை.

சரி, நடந்ததைச் சொல்றேன்.

எங்க அம்மா கூடப்பிறந்த மாமா முப்பத்தெட்டு வருஷம் ஏலத்தோட்டத்துக்குப் போனவர். தேவாரத்துல இருக்கறவங்களுக்கு இது தெரிஞ்ச வாழ்க்கைதான். விடியறதுக்கு முன்னாடி தூக்குவாளியோட ஜீப்புல நெருக்கியடிச்சு உக்காந்து, போடி வழியா வளைவு வளைவா ஏறி, போடிமெட்டு தாண்டி அங்கிட்டு வேலை. சாயங்காலம் அதே ஜீப்புல இறக்கம். எங்க ஊர்ல இருந்து நேரா சாக்குலத்து மெட்டு வழியா ரோடு வேணும்ங்கற கோரிக்கையோட வயசு என் வயசைவிடக் கூட இருக்கும், அது தனிப் பதிவுக்கான விஷயம். முழங்கால் வலி வந்ததும் மாமா தோட்டத்துக்குப் போறதை நிறுத்தப் போறேன்னாரு. நிறுத்தறதுக்கு முன்னாடி, "மாப்ள, ஒன் பெட்டியில என்னையத் தோட்டத்துல வச்சு ஒரு படம் எடுத்துருடா. கலியாணப் படத்துக்கப்புறம் நான் நின்னு எடுத்த படமே இல்ல"ன்னு கேட்டாரு.

ஆடி மாசம். கீழ தேவாரத்துல காத்து மண்ணை வாரி இறைக்குது. மேல சாரல். நான் முதல் நாள் ராத்திரி, நல்ல இருட்டுன்னு, ரெண்டு ஹோல்டர்ல எக்ஸ்ரே பிலிமை வெட்டிப் போட்டேன். (ஆஃப் பிளேட் சைஸுக்குக் கடையில பிலிம் கிடைக்காது. எக்ஸ்ரே பிலிம் விலையும் கம்மி, சிவப்பு லைட்டுல வெட்டலாம்.) பிளாஸ்டிக் கவர், உள்ள ஆளுக்கொரு சிலிகா ஜெல் பொட்டலம். பெருமையா இருந்துச்சு.

மேல போய் மாமாவைச் செடிகளுக்கு நடுவுல நிக்க வச்சேன். கூடை கையில. ரெண்டே ரெண்டு படம். பனிமூட்டம் வந்து வந்து போகுது. எடுத்து முடிச்சு ஹோல்டரைக் கவர்ல போட்டு இறங்கினோம். வீட்டுக்கு வந்ததும் என்ன அவசரமோ, கவரைப் பிரிச்சு ஹோல்டரை வெளிய எடுத்து மேசையில வச்சேன். ரெண்டு நிமிஷத்துல ஐஸ் தண்ணி ஊத்தின சொம்பு மாதிரி வேர்த்துப் போச்சு. துண்டால துடைச்சேன். வெளியதான் ஈரம், உள்ள சிலிகா ஜெல் பார்த்துக்கும்னு நெனைச்சேன். அப்புறம் ஆபீஸ் ஆணி, ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல். டெவலப் பண்ண உக்காந்தப்ப ஒன்பது நாள் ஓடியிருந்துச்சு.

ஒரு ஷீட் நடுத் தகட்டோட ஒட்டிப் போச்சு. எக்ஸ்ரே பிலிம்ல ரெண்டு பக்கமும் ஜெலட்டின் பூசியிருக்கும். அதனால முதுகும் ஒட்டும். இழுத்தேன். தோல் உரியற மாதிரி உரிஞ்சு வந்துச்சு. இன்னொண்ணு ஒட்டலை, ஆனா டெவலப் பண்ணினா இடுப்புக்கு மேல பூராம் திட்டுத் திட்டா. கீழ கூடையும் அதைப் பிடிச்ச கையும் மட்டும் அவ்வளவு சுத்தமா வந்திருக்கு, நகத்துல இருக்கற ஏலக்காய்க் கறை வரைக்கும்.

மாமாகிட்ட, "மழை முடியட்டும், இன்னொரு தடவை எடுத்துருவோம்"னு சொன்னேன். "அதுக்கென்ன மாப்ள"ன்னாரு. கார்த்திகையில போயிட்டாரு. பதினாறாம் நாளுக்கு ஆதார் அட்டைப் படத்தைப் பெருசாக்கித்தான் மாலை போட்டோம்.

இதைப் பரிதாபத்துக்காக எழுதலை. "சின்ன விஷயம், பொட்டலம் போட்டா முடிஞ்சது"ன்னு இனிமே யாராவது சொன்னா எனக்கு ஏன் கோவம் வருதுன்னு தெரியணும்ல, அதுக்குத்தான்.

இனி கணக்கு. அந்த ஹோல்டரை வீட்டுத் தராசுல எடை போட்டுப் பார்த்தேன். மழை வாரத்துல 331 கிராம். பங்குனியில, எல்லாம் காய்ஞ்ச காலத்துல, 312. வித்தியாசம் 19 கிராம், அத்தனையும் மரமும் வெல்வெட்டும் குடிச்ச தண்ணி. நான் போட்டது 5 கிராம் சிலிகா ஜெல். சிலிகா ஜெல் தன் எடையில மூணுல ஒரு பங்கு, மிஞ்சிப் போனா கொஞ்சம் கூட, ஈரம் பிடிக்கும். ஆக 2 கிராம்கூட வராது. யானைப் பசிக்குச் சோளப்பொரி! அதுவும் அந்தப் பொட்டலம் ஏற்கனவே மேசையில திறந்து கிடந்து வயிறு நிறைஞ்ச பொட்டலமா இருந்தா, சோளப்பொரியும் இல்லை.

சிலிகா ஜெல் மோசம்னு சொல்ல வரலை. ஹோல்டரை முதல்லயே காய வச்சுட்டு, அப்புறம் மூடின பைக்குள்ள மிச்சம் மீதியைப் பார்த்துக்க அது போதும். ஈர ஹோல்டரை உலர்த்தற வேலையை அதுகிட்டக் குடுக்காதீங்க. அந்த நீலக்கலர் மணி ரோஸ் ஆனா வயிறு நிறைஞ்சிருச்சுன்னு அர்த்தம். 120 டிகிரி வாக்குல ஓரிரு மணி நேரம் சூடு பண்ணினா திரும்ப உயிர் வரும். நீலத்துக்குக் காரணம் கோபால்ட் குளோரைடு, அது உடம்புக்கு ஆகாது. சமையல் பாத்திரத்துல வறுக்காதீங்க. ஆரஞ்சு நிற வகை வாங்கறது உத்தமம்.

இப்ப ஏலக்காய்.

என் புலம்பலைக் கேட்டவங்கள்ல உருப்படியா பதில் சொன்னது ஒரே ஆள்தான், போடியில ஏலக்காய் வியாபாரம் பண்ற பெரியவர். கேமரா பத்தி ஒண்ணும் தெரியாது. "தம்பி, பச்சைக் காயை மூட்டை கட்டிட்டு உள்ள சுண்ணாம்புக் கட்டி போட்டா காயுமா? காய வச்சுட்டுல்ல மூட்டை கட்டணும்?" அப்படின்னாரு. எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு.

ஏலக்காயோட கதையே ஈரத்தோட கதைதான். செடியில இருந்து பறிக்கும்போது காயில முக்கால் பங்குக்கு மேல தண்ணி. கிட்டத்தட்ட 5 கிலோ பச்சைக் காய் காய்ஞ்சா 1 கிலோ. தோட்டத்துல ஸ்டோர்னு சொல்ற உலர் அறையில, 45-லிருந்து 55 டிகிரி சூட்டுல ஒரு நாளுக்கு மேல வச்சு, ஈரத்தைப் பத்து பன்னெண்டு சதவீதத்துக்குக் கொண்டு வரணும். கூடினா பூஞ்சை, குறைஞ்சா வெடிச்சு, நிறம் போய், விலை போயிரும். காய்ஞ்சதை உள்ள கருப்பு பாலித்தீன் போட்ட சாக்குல கட்டி வைப்பாங்க. ஏலத்துக்குப் போற வரைக்கும் பச்சை நிறம் மங்கக்கூடாது. போடியிலயும் புத்தடியிலயும் ஸ்பைசஸ் போர்டு நடத்தற ஏலத்துக்கு வர்ற வியாபாரிங்க, கையில அள்ளிக் குலுக்கிச் சத்தத்துலயே காய்ச்சலைச் சொல்லிருவாங்க. ஈரத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ண எங்க ஊரை விட்டு எங்கயும் போக வேண்டியதில்லை. நான்தான் அமெரிக்காக்காரங்க எழுதின புத்தகத்தைப் படிச்சுக்கிட்டு இருந்தேன். அந்தப் புத்தகங்கள்ல ஹோல்டரோட பெரிய எதிரி தூசு. அவங்க படம் எடுத்த பாலைவனத்துக்கும் கிரானைட் மலைக்கும் அது சரி. நமக்கு?

உடனே ஒரு புத்திசாலித்தனம் பண்ணினேன் பாருங்க. ஈரத்தை எடுக்கத்தானே ஸ்டோர் இருக்குன்னு, தெரிஞ்சவர் ஒருத்தர் ஸ்டோர்ல என் மூணாவது ஹோல்டரை ஒரு தட்டுல ஏலக்காயோட வச்சு விட்டேன். அவ்வ்வ்வ்! முதல் சில மணி நேரம் ஸ்டோருக்குள்ள இருக்கறது வெறும் சூடு இல்லை, அத்தனை காயும் விடற ஆவி. ஆவிக் குளியல் போட்டுட்டு, அப்புறம் ஐம்பது டிகிரியில காய்ஞ்சு, பழைய வஜ்ரம் விட்டுப் போய், நாலு மூலையும் நாலு திசையைப் பார்த்துக்கிட்டு வெளிய வந்துச்சு. ஏலக்காய் மணம் மட்டும் இன்னும் போகலை. அதைக் கொண்டு போய்க் குடுத்தப்ப ஆசாரி அண்ணன் மூக்குல வச்சுப் பார்த்துட்டு, "பாயசத்துல போட்டு எடுத்தியாப்பா?"ன்னாரு.

அவர் சொன்னதுதான் சரி. மரத்தை அவசரமா காய வைக்கக்கூடாது. வெயிலும் கூடாது, ஹேர் டிரையரும் கூடாது. நிழல்லதான்.

இப்ப நான் பண்றது பழைய ஸ்டூடியோக்காரங்க பண்ணினதேதான். மர அலமாரியில கீழ்த்தட்டுல ஒரு சின்ன குண்டு பல்பு, ஜீரோ வாட்டுன்னு நாம சொல்ற அதே பல்பு. மேல்தட்டுல ஹோல்டர், தகடை பாதி உருவி, கீலைத் திறந்து விட்டு. பல்பு ஈரத்தை உறிஞ்சாது, காத்தைச் சூடாக்கும், அவ்வளவுதான். ஆனா அதுக்கே பலன் இருக்கு. 26 டிகிரியில 80 சதவீத ஈரப்பதம் இருக்கற காத்தை 32 டிகிரிக்குச் சூடாக்கினா, ஒரு சொட்டுத் தண்ணியும் வெளியேறாமலே ஈரப்பதம் 56 சதவீதத்துக்கு வந்துரும். பூஞ்சை தலை தூக்க 65, 70 வேணும். ஆயிரக்கணக்குல குடுத்து டிரை கேபினட் வாங்கணும்னு ஆலோசனை சொல்றவங்களுக்கு என் பதில் இந்தப் பல்புதான். காசு இருக்கறவங்க வாங்கிக்கோங்க, வேண்டாங்கலை. லென்ஸுக்கு நல்லது. ஆனா எங்க ஊர் கரண்டுக்கு பல்பே பெரிய விஷயம் :-)

தினமும் எடை போடுவேன். ரெண்டு நாள் தொடர்ந்து எடை மாறலைன்னா ஹோல்டர் தயார். அந்த எடையைச் சட்டத்துலயே பென்சில்ல எழுதி வச்சிருக்கேன். ரொம்பவும் காய விடறதும் ஆபத்து. சித்திரை வெயில்ல எலும்பு மாதிரி காய்ஞ்ச ஹோல்டர்ல இருந்து தகடைச் சர்ர்ருன்னு உருவினா மின்பொறி கிளம்பும், பிலிம்ல மரக்கிளை மாதிரி கோடு விழும். ஏலக்காய்க்குச் சொன்ன அதே கதைதான்.

அடுத்தது, ராத்திரி பிலிம் போடற பழக்கம். இருட்டுதானேன்னு எல்லாரும் ராத்திரிதான் போடறோம். காத்துல ஈரப்பதம் அதிகமா இருக்கறது ராத்திரியும் விடியக்காலையும்தான். குறைஞ்சு இருக்கறது மதியம் ரெண்டு மணியில இருந்து நாலு மணி வரைக்கும். அப்பத்தான் போடணும். இருட்டறை இல்லாதவங்க மாத்துப் பைக்குள்ள கை விட்டுப் போடறோம், அங்க நம்ம கை வேர்வையே போதும். ரெண்டு ஹோல்டருக்கு ஒரு தடவை கையை வெளிய எடுத்துத் துடைச்சிட்டுப் பையை உதறி விடுங்க.

இப்ப என் பெரிய தப்புக்கு வர்றேன். ஈரம் எங்கிருந்து வந்துச்சு? சாரல்ல இருந்துன்னுதான் ரொம்ப நாள் நெனைச்சேன். மேல மலையில ஹோல்டர் 16 டிகிரிக்குக் குளுந்து போயிருக்கு. கீழ தேவாரத்துல 30 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம்னு வைங்க. அந்தக் காத்து 21 டிகிரிக்குக் கீழ இருக்கற எந்தப் பொருளைத் தொட்டாலும் தண்ணியா உக்காந்துரும். மலையில மழையில நனையாம பத்திரமா கொண்டாந்த ஹோல்டரை, காய்ஞ்ச ஊர்னு நாம நெனைக்கற எங்க ஊர்ல, என் வீட்டு மேசையில வச்சு நானே நனைச்சிருக்கேன். கவரைப் பிரிக்காம மூணு மணி நேரம் அப்படியே விட்டிருந்தா, வேர்வை கவருக்கு வெளியதான் வந்திருக்கும். காசு செலவில்லாத வேலை. சும்மா இருக்கணும், அவ்வளவுதான்.

(ஃபிரிட்ஜுல பிலிம் வைக்கறவங்களுக்கும் இதேதான். எடுத்த உடனே டப்பாவைத் திறக்காதீங்க.)

பிளாஸ்டிக் ஹோல்டர் வாங்கிட்டா தொல்லை விட்டுச்சுன்னு ஒரு கட்சி இருக்கு. பாதி உண்மை. பிளாஸ்டிக் தண்ணி குடிக்காது, அதனாலேயே சொட்டு சொட்டா உள்ள நிக்கும், அது பிலிமுக்குப் போகும். 4க்கு 5 அங்குல ஹோல்டர்ல பிலிம் உக்கார்ற ஆழம் 0.197 அங்குலம், கூடக் குறைய 0.007 அங்குலம் வரைக்கும்தான் மன்னிப்பு. ஈரத்துல உப்பின பிலிம் முன்னாடி வளைஞ்சா ஃபோகஸ் போச்சு, ஹோல்டர் எவ்வளவு புதுசா இருந்தாலும். மர ஹோல்டர் நான் எதையும் தூக்கிப் போடலை. ஆனா மழைக்காலத்துல மலையேறணும்னா இரவல் வாங்கியாவது பிளாஸ்டிக் எடுத்துட்டுப் போங்கன்னு சொல்ற அளவுக்கு எனக்கு நேர்மை இருக்கு.

பழைய ஆளுங்க இதையெல்லாம் எப்படிச் சமாளிச்சாங்கன்னு பார்த்தா சுவாரஸ்யமா இருக்கு. லின்னேயஸ் ட்ரைப்னு ஒரு ராணுவ அதிகாரி, மெட்ராஸ் மாகாண அரசாங்கத்தோட போட்டோகிராபர். 1858-ல மதுரையை எடுத்த படங்கள் அவரோடதுதான். மாட்டு வண்டியில மூட்டை முடிச்சோட சுத்தினவர். அந்தக் காலத்துல கண்ணாடித் தகட்டுல கொலோடியன் ஊத்தி, ஈரம் காயறதுக்குள்ள படம் எடுத்துக் கழுவுறதுதான் புதுசு. ட்ரைப் பெரும்பாலும் மெழுகு ஏத்தின காகித நெகட்டிவ்லயே நின்னாரு. முன்கூட்டியே தயார் பண்ணி வச்சுக்கலாம், உடையாது, நம்ம சூட்டுக்குத் தாங்கும். இன்னொண்ணு கவனிச்சேன். அவர் கிளம்பினது 1857 டிசம்பர்ல, மெட்ராஸ் வந்து சேர்ந்தது அடுத்த ஏப்ரல் வாக்குல. சாரல் காலத்துல மனுஷன் பொட்டியையே திறக்கலை. நான் ஆடி மாசம் மலையேறினேன்.

பிலிமே செய்யறதுக்கு ஊட்டியில 1960-ல ஆரம்பிச்ச ஹிந்துஸ்தான் ஃபோட்டோ பிலிம்ஸ் கம்பெனி ஒண்ணு இருந்துச்சு, 'இந்து'ங்கற பேருல எக்ஸ்ரே பிலிமும் கருப்பு வெள்ளை பிலிமும் வந்துச்சு. அது மூடிப் போனதும் நம்ம சீதோஷ்ணத்துக்குள்ளயே பிலிம் செஞ்ச அனுபவமும் மூடிப் போச்சு. இப்ப எல்லாம் வெளிநாட்டுப் பெட்டி. கம்பெனி சீல் உடைக்காத வரைக்கும் பிலிம் பத்திரம், உடைச்ச நிமிஷத்துல இருந்து அது நம்ம ஊர்க் காத்தோட பிள்ளை.

போடி ஸ்டூடியோ பெரியவர்கிட்ட அப்புறமா போய் நடந்ததைச் சொன்னேன். ஒட்டின பிலிமை இழுத்தேன்னு சொன்ன இடத்துல தலையில அடிச்சுக்கிட்டாரு. "இழுக்கலாமாப்பா? இருட்டுல ஹோல்டரோட தண்ணியில முக்கியிருக்கணும். ஜெலட்டின் தண்ணியிலதான் ஒட்டும், தண்ணியிலதான் விடும். ஹோல்டர் போனா போகுது, ஆசாரி இருக்கான். படத்துக்கு யாரு இருக்கா?"

இதை அவர் சொல்லி முடிச்சப்ப நான் எதுவும் பேசலை. என்கிட்ட பதினஞ்சு நிமிஷமும் ஒரு வாளித் தண்ணியும் இருந்திருக்கு. அது தெரியாமத்தான் மாமா முகம் போச்சு. திட்டு விழுந்த ஷீட்டை வேணா காப்பாத்தியிருக்க முடியாது, ஈரம் உக்காந்த இடம் உக்காந்ததுதான். ஒட்டினதை ஒருவேளை முடிஞ்சிருக்கும்.

அவர் வீட்டு மச்சியில இன்னும் கண்ணாடி பிளேட்டுங்க அட்டைப் பெட்டியில இருக்கு. மழைத் தண்ணி ஒழுகி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி. பழைய போடிக்காரங்க கல்யாணம், கடைத் திறப்பு, காதுகுத்து. பழைய இரும்புக்காரருக்குப் போடலாமான்னு பிள்ளைங்க கேட்டுக்கிட்டிருக்காங்களாம். இந்த மாதிரி ஸ்டூடியோப் படங்களை புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட், பிரிட்டிஷ் லைப்ரரியோட உதவித் திட்டத்துல, 2010கள்ல தமிழ்நாடு முழுக்கத் தேடி டிஜிட்டல் ஆக்கினாங்க. அவங்க எல்லா மச்சிக்கும் வந்துர முடியாது. உங்க ஊர்ல மூடின ஸ்டூடியோ இருந்தா ஒரு நடை போய்க் கேளுங்க மக்களே. ஒட்டியிருந்தா பிரிக்காதீங்க. அப்படியே பேப்பர் சுத்தி, நிமிர்த்தி, ஈரமில்லாத அலமாரியில வைங்க. தெரிஞ்சவங்க பிரிக்கட்டும். நான் முதல் பெட்டியை என் பல்பு அலமாரியில இடம் பண்ணி வச்சிருக்கேன். மிச்சத்துக்கு இடம் பார்க்கணும், வீட்டம்மாகிட்ட இன்னும் பேசலை.

தகடு இறுகிப் போனா எண்ணெய் விடாதீங்க, இதை மட்டும் சொல்லிடறேன். எண்ணெய் வெல்வெட்டுல இறங்கி பிலிமுக்குப் போகும். தகட்டு விளிம்புலயும் காடியிலயும் மெழுகுவர்த்தியைத் தேய்ச்சு, பழைய துணியால வழிச்சு எடுத்துருங்க, போதும். கட்டறதுக்கு நான் இப்ப வியாபாரி முறைதான்: ஹோல்டரைக் காய்ஞ்ச செய்தித்தாள்ல சுத்தி, மேல கருப்பு பாலித்தீன், வாயை முறுக்கிக் கட்டு. காகிதம் கொஞ்சம் ஈரத்தைத் தான் வாங்கிக்கும். சிலிகா ஜெல்லும் உண்டு, ஒரு ஓரத்துல. எடுத்த படத்தை அன்னைக்கு ராத்திரியே கழுவிடறேன், கல்யாணமா இருந்தாலும் சரி, காய்ச்சலா இருந்தாலும் சரி.

அந்தக் கை மட்டும் வந்த படத்தை அத்தைகிட்டக் காட்ட ரொம்ப நாள் தயங்கினேன். போன வாரம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "இந்தக் கட்டைவிரல் நகம் கோணல், கவாத்து அரிவாள் பட்டது"ன்னு சொல்லிட்டு உள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்க. திருப்பிக் குடுக்கலை. நெகட்டிவ் என்கிட்ட இருக்கு.

அத்தையை ஒரு படம் எடுக்கணும்னு கேட்டிருக்கேன். "மலைக்கெல்லாம் வரமாட்டேன், வீட்டு வாசல்ல வச்சு எடு. எடுத்தா உருப்படியா எடு"ன்னாங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலரை மணின்னு பேச்சு. பிலிம் அன்னைக்கு ரெண்டு மணிக்குப் போடுவேன்.

ஹோல்டர் இன்னைக்கு 312 கிராம். நேத்தும் 312.